‘அப்துல் கலாம் எத்தனையாவது குடியரசுத் தலைவர்?’ இதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது? நெல்லையில் புழங்கும் 10 சந்தேகங்கள்!

அப்துல் கலாம் இந்தியாவின் எத்தனையாவது குடியரசுத் தலைவர்? பதில் ஈஸி, 11-வது. ஆனால், அந்தக் கேள்வியை இங்கிலீஷில் கேட்கச் சொன்னால், எம்.ஏ படித்தவர்கள்கூட ஒரு நிமிடம் முழிப்பார்கள்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இங்கிலீஷ் புதிதல்ல. தூய யோவான் கல்லூரி 1878-ல் தொடங்கியது, தூய சவேரியார் கல்லூரி 1923-ல். இப்படி அடுத்தடுத்து கல்லூரிகள் வந்ததால்தான் பாளையங்கோட்டைக்கு ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்ற பட்டப்பெயரே கிடைத்தது. இன்றும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து படிக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள்.

பாடம் தெரியும், பதிலும் தெரியும். ஆனால் இன்டர்வியூவில் வாயைத் திறக்கும்போது ‘தப்பாப் பேசிருவோமோ’ என்ற பயம் வந்து தொண்டையை அடைத்துவிடும். வேலை கைநழுவிப் போவதும் அந்தச் சில நொடிகளில்தான்.

நாம் செய்யும் ‘தப்பு’களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். அவற்றில் பெரும்பாலானவை தமிழின் இலக்கணத்தை இங்கிலீஷுக்குள் கொண்டுபோவதால் வருகிறவை. எங்கே தமிழ் நுழைகிறது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம். அடிக்கடி வரும் 10 சந்தேகங்களைப் பார்ப்போம்.

1. ‘எத்தனையாவது’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன?

நேரடியான ஒற்றைச் சொல் கிடையாது. ‘ஹவ் மெனி’ என்றால் எத்தனை. அதோடு ‘யாவது’ சேர்க்க இங்கிலீஷில் வழி இல்லை. ஜெர்மன் மொழியில் இதற்குச் சொல் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. இங்கிலீஷ் அதை வளர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சுற்றித்தான் கேட்க வேண்டும். ‘வேர் டஸ் அப்துல் கலாம் கம் இன் த லிஸ்ட் ஆஃப் இந்தியன் பிரசிடென்ட்ஸ்?’ என்று கேட்கலாம். ‘நீங்க வீட்டுல எத்தனாவது பிள்ளை?’ என்பதற்கு, ‘ஆர் யூ த எல்டெஸ்ட்?’ என்று கேட்டால் போதும். எதிரில் இருப்பவர் ‘நோ, ஐ ஆம் த தேர்டு’ என்று தானாகவே சொல்லிவிடுவார்.

2. ‘சும்மா வந்தேன்’ - எப்படிச் சொல்வது?

‘ஐ சிம்ப்ளி கேம்’ என்று சொல்கிறவர்கள் நம்மில் நிறைய பேர். ‘சிம்ப்ளி’ என்றால் எளிமையாக, வெறுமனே என்றெல்லாம் பொருள் வரும். ஆனால் நம் ‘சும்மா’வின் வேலையை அது முழுதாகச் செய்யாது. இடத்துக்கு ஏற்ப ‘சும்மா’ வேறு வேறு வேஷம் போடும்.

‘சும்மாதான் வந்தேன்’ என்றால் ‘ஐ ஜஸ்ட் டிராப்டு பை’. ‘சும்மா சொன்னேன்’ என்றால் ‘ஐ வாஸ் ஜஸ்ட் கிட்டிங்’. ‘சும்மா இருல!’ என்று அதட்டினால் ‘ஸ்டாப் இட்!’ கடையில் ‘இது சும்மா குடுத்தாங்க’ என்றால் ‘ஐ காட் இட் ஃபார் ஃப்ரீ’.

வீட்டையும் பிள்ளைகளையும் நாள் முழுக்கக் கவனித்துக்கொள்ளும் அம்மாக்கள் ‘வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்பார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்து ‘ஐ ஆம் ஐடில்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது சோம்பிக் கிடப்பதைக் குறிக்கும். ‘ஐ ஆம் அ ஹோம்மேக்கர்’ என்பதே சரி.

3. ‘போயிட்டு வாரேன்’ என்றால் ‘ஐ வில் கோ அண்ட் கம்’மா?

‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்புவது நம் வீடுகளில் அபசகுனம். ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கிலீஷ்காரரிடம் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றால், நீங்கள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவீர்கள் என்று நினைத்து அவர் காத்திருப்பார்!

விடைபெறும்போது ‘பை, சீ யூ’ போதும். நிஜமாகவே கடைக்குப் போய்விட்டு உடனே திரும்புவதாக இருந்தால் ‘ஐ வில் பி பேக் இன் டென் மினிட்ஸ்’. போனில் ‘வந்துட்டே இருக்கேன்’ என்று சொல்ல வேண்டுமா? ‘ஐ ஆம் ஆன் மை வே’ என்று சொல்லலாம். நீங்கள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்றால், அது இலக்கணப் பிரச்னை இல்லை!

4. ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ ஏன் தப்பு?

தமிழில் ‘வருகிறேன்’ என்ற ஒரே சொல், ‘தினமும் வருகிறேன்’ என்பதற்கும் ‘இப்போது வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் பயன்படும். இங்கிலீஷ் இரண்டையும் பிரிக்கிறது. ‘ஐ கம்’ வழக்கமாக நடப்பது. ‘ஐ ஆம் கமிங்’ இப்போது நடந்துகொண்டிருப்பது.

இரண்டு அக்கா இருப்பது நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல, அது ஒரு நிலை. எனவே ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’. தெரிவது, பிடிப்பது, புரிவது, சொந்தமாக வைத்திருப்பது போன்ற நிலைகளுக்குப் பொதுவாக ‘இங்’ வராது. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்’ எல்லாம் இதே கணக்குதான். ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ சரி. சாப்பிடுவது நடந்துகொண்டிருக்கும் செயல் அல்லவா?

இன்டர்வியூவில் அடிக்கடி காதில் விழும் இன்னொன்று, ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கிப் பெயரைச் சொல்வது. ‘ஐ ஆம்’ என்றோ ‘மை நேம் இஸ்’ என்றோ தொடங்கினாலே போதும். முதல் வாக்கியம் சரியாக வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

5. ‘ஆமா, வரல’ - ‘யெஸ்’ஸா, ‘நோ’வா?

‘நேத்து நீ காலேஜுக்கு வரலையா?’ என்று கேட்டால், நாம் ‘ஆமா, வரல’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளும் ‘ஆமா’ அது. இதையே இங்கிலீஷில் ‘யெஸ்’ என்று சொன்னால், நீங்கள் வந்தீர்கள் என்று பொருளாகிவிடும்!

இங்கிலீஷ் கணக்கு வேறு. கேள்வி எப்படி இருந்தாலும், உங்கள் பதில் வாக்கியத்தில் ‘நாட்’ இருந்தால் ‘நோ’. ‘நோ, ஐ டிட் நாட் கம்.’ வந்திருந்தால் ‘யெஸ், ஐ டிட்’. ஜப்பானியர்களும் சீனர்களும் இங்கிலீஷ் கற்கும்போது இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவர்கள் மொழியிலும் ‘ஆமா, வரல’ முறைதான்.

இதைவிடக் குழப்பமானது ‘வுட் யூ மைண்ட்’. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?’ என்று கேட்டால், ‘ஜன்னலைத் திறக்க உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்பதே அதன் நேர்ப்பொருள். திறக்கச் சம்மதம் என்றால் ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லித் திறந்துவிட வேண்டும்.

6. இன், ஆன், அட் - எது எங்கே?

‘திருநெல்வேலில’, ‘பஸ்ஸுல’, ‘ராத்திரில’. எல்லாவற்றையும் தமிழ் ஒரே ‘ல’ போட்டு முடித்துவிடும். அந்த ஒரு ‘ல’வுக்கு இங்கிலீஷ் மூன்று சொல் கேட்கிறது.

பரப்பான இடம் ‘இன்’. குறிப்பிட்ட புள்ளி ‘அட்’. மேற்பரப்பு ‘ஆன்’. ‘ஐ லிவ் இன் திருநெல்வேலி.’ ‘வெயிட் ஃபார் மீ அட் த பஸ் ஸ்டாப்.’ ‘த ஹல்வா இஸ் ஆன் த டேபிள்.’ நேரத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. மாதம், வருடத்துக்கு ‘இன்’. கிழமைக்கு ‘ஆன்’. மணிக்கு ‘அட்’. காலையில் என்பது ‘இன் த மார்னிங்’, ராத்திரியில் என்பது மட்டும் ‘அட் நைட்’.

வண்டிகளில் ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. உள்ளே எழுந்து நடமாட முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கு ‘ஆன்’. குனிந்து ஏறி உட்கார்ந்தே போகும் கார், ஆட்டோவுக்கு ‘இன்’. மேலே ஏறி உட்காரும் பைக், சைக்கிளுக்கு ‘ஆன்’.

‘த’ எங்கே வரும் என்பதற்குத் தாமிரபரணியே உதாரணம். நதிப் பெயருக்கு முன்னால் ‘த’ வரும், ஊர்ப் பெயருக்கு முன்னால் வராது. மலைத்தொடருக்கு வரும், தனி மலைச் சிகரத்துக்குப் பெரும்பாலும் வராது. ‘த தாமிரபரணி ரைசஸ் இன் த வெஸ்டர்ன் காட்ஸ் அண்ட் ஃப்ளோஸ் பாஸ்ட் திருநெல்வேலி.’ இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் மூன்று விதிகள் கைவசம்.

7. ‘நாம’, ‘நாங்க’ - இரண்டும் ‘வீ’தானா?

ஆமாம், இரண்டும் ‘வீ’தான். ‘நாம போவோம்’ என்றால் கேட்கிறவரும் உண்டு. ‘நாங்க போறோம்’ என்றால் அவர் இல்லை. தமிழ் இவ்வளவு துல்லியமாகப் பிரிப்பதை இங்கிலீஷால் ஒரு சொல்லில் பிரிக்க முடியாது. ஆபீஸ் மெயிலில் குழப்பம் வரக்கூடாது என்றால் ‘யூ அண்ட் ஐ’ என்றோ ‘மை டீம்’ என்றோ விளக்கமாக எழுதிவிடுவது நல்லது.

இந்த வித்தியாசத்தைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல். 1841-ல் நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு வந்து குடியேறியவர். தென்னிந்திய மொழிகளை ஒப்பிட்டு 1856-ல் அவர் வெளியிட்ட ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ நூலில் இந்த இரண்டு ‘நாம்’களைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்.

அவருக்கு முன்பே 1820-ல் பாளையங்கோட்டை வந்த ஜெர்மானியர் ரேனியஸ், தமிழுக்கு இங்கிலீஷில் ஓர் இலக்கண நூல் எழுதினார். சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு.போப், 1886-ல் திருக்குறளை இங்கிலீஷில் கொண்டுவந்தார். இன்று நெல்லைப் பிள்ளைகள் இங்கிலீஷைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளை, அன்று அவர்கள் இதே மண்ணில் தமிழைப் பார்த்துக் கேட்டார்கள். இது எதற்கு, அது ஏன், எங்கே எதைச் சொல்வது என்று கேட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள். அந்தக் கேள்விகள்தான் பிறகு புத்தகங்களாயின.

8. ‘நீங்க’ என்ற மரியாதை இங்கிலீஷில் எங்கே?

‘நீ’க்கும் ‘யூ’தான், ‘நீங்க’ளுக்கும் ‘யூ’தான். அப்படியென்றால் இங்கிலீஷில் மரியாதையே கிடையாதா? உண்டு, வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

‘கதவைத் திறங்க’ என்பதில் மரியாதை ‘ங்க’வில் இருக்கிறது. அதை ‘ஓப்பன் த டோர்’ என்று மாற்றினால் ‘ங்க’ காணாமல் போய், ‘கதவைத் திற’ என்ற அதட்டல் மட்டும் மிஞ்சும். நாம் பணிவாகத்தான் சொன்னோம், கேட்பவருக்குத்தான் கட்டளையாகக் கேட்கிறது. ‘குட் யூ ஓப்பன் த டோர், ப்ளீஸ்?’ என்றால் அந்த ‘ங்க’ திரும்பக் கிடைத்துவிடும்.

இன்னொன்று. ‘அப்பா வந்தாங்க’ என்று மரியாதையாகச் சொல்லிப் பழகியவர்கள், ‘மை ஃபாதர்... தே கேம்’ என்று சொல்லிவிடுவது உண்டு. இங்கிலீஷில் அப்பாவும் ‘ஹீ’தான், கலெக்டரும் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’தான். அதில் அவமரியாதை எதுவும் இல்லை.

9. சித்தி, அத்தை, சகலை, சம்பந்தி - எல்லோருக்கும் பெயர் உண்டா?

பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி என நால்வரையும் இங்கிலீஷ் ‘ஆன்ட்டி’ என்ற ஒரே கூடைக்குள் போட்டுவிடும். தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் உறவை விளக்கலாம். சித்தி என்றால் ‘மை மதர்ஸ் யங்கர் சிஸ்டர்’. ‘சம்பந்தி’க்கு ஒற்றைச் சொல் கிடையாது. ‘மை டாட்டர்ஸ் இன்-லாஸ்’ என்று சொல்லலாம்.

சகலைக்கு ‘கோ-பிரதர்’, சித்தப்பா மகனுக்கு ‘கசின் பிரதர்’ என்பதெல்லாம் நாமே உருவாக்கிக்கொண்டவை. நம் நாட்டுக்குள் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டவருக்கு விளக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவது நெல்லைக்கே உரிய மரியாதை. அதற்கு இங்கிலீஷில் ஈடு கிடையாது, ‘எக்ஸ்கியூஸ் மீ’தான். ஆனால் ‘அண்ணா’ ஏற்கெனவே இங்கிலீஷுக்குள் நுழைந்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் அகராதி 2017-ல் அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய வருடமே ‘ஐயோ’வும் உள்ளே போய்விட்டது!

10. ‘பிரீபோன்’, ‘டூ த நீட்ஃபுல்’ - இதெல்லாம் தப்பா?

இங்கேதான் நிறைய பேர் தேவையில்லாமல் வெட்கப்படுகிறார்கள். கூட்டத்தைத் தள்ளிவைப்பது ‘போஸ்ட்போன்’ என்றால், முன்கூட்டியே வைப்பது ‘பிரீபோன்’. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இந்தச் சொல் இருக்கிறது. இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். அவர்களிடம் ‘மூவ் இட் அப்’ அல்லது ‘பிரிங் இட் ஃபார்வர்டு’ என்று சொல்லலாம்.

‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ பிரிட்டிஷ்காரர்களே அலுவலகக் கடிதங்களில் எழுதிய பழைய வாசகம். அங்கே வழக்கொழிந்துபோனது, இங்கே தாலுகா ஆபீஸ் முதல் வாட்ஸ்அப் வரை உயிரோடு இருக்கிறது. தப்பில்லை, பழைய வாசனை அடிக்கும். என்ன செய்ய வேண்டும் என்று நேரடியாக எழுதிவிட்டால் இன்னும் தெளிவு.

‘பாஸ்டு அவுட்’ விஷயத்தில் மட்டும் உஷார். நாம் ‘கல்லூரி முடித்தேன்’ என்ற பொருளில் சொல்கிறோம். வெளிநாட்டவர் காதில் அது ‘மயங்கி விழுந்தேன்’ என்று கேட்கும். ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2024’ என்பது பாதுகாப்பானது. ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டர்ன் பேக்’ இரண்டும் மாற்றிக்கொள்ள வேண்டியவை. டிஸ்கஸ் என்பதிலேயே ‘பற்றி’யும், ரிட்டர்ன் என்பதிலேயே ‘திரும்ப’வும் அடங்கியிருக்கின்றன.

‘இஸ்கூல்’ என்றால் சிரிக்க வேண்டுமா?

சொற்களைப்போல உச்சரிப்புக்கும் காரணம் உண்டு. தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. ஒற்றெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ராமனைக்கூட ‘இராமன்’ என்று எழுதியது இந்த மரபினால்தான். பாட்டி ‘இஸ்கூல்’, ‘இஸ்டேசன்’ என்று சொல்வதும் அதன் தொடர்ச்சியே. ஸ்பானிஷ் மொழி பேசுகிறவர்களும் இப்படி முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்தே இங்கிலீஷ் பேசத் தொடங்குகிறார்கள்.

இங்கிலீஷின் இரண்டு ‘வ’வுக்கு நம்மிடம் ஒரே எழுத்துதான். ‘வெஸ்ட்’ என்றால் மேற்கா, பனியனா? மேற்கு என்றால் உதடுகளைக் குவித்துத் தொடங்க வேண்டும். பனியன் என்றால் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். கண்ணாடி முன்னால் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தால் பழகிவிடும்.

எதைத் திருத்தலாம், எதை விடலாம்?

இங்கிலீஷ் மீதான கசப்பு நெல்லையில் பழைய சங்கதி. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதியார், தனக்குக் கிடைத்த ஆங்கிலக் கல்வியால் அப்பாவின் பணம் போனதையும் தனக்கு நன்மை இல்லாததையும் தன் வரலாற்றுப் பாட்டில் மனம் நொந்து சொல்லியிருக்கிறார். அதே பாரதிதான் ஆங்கிலக் கவி ஷெல்லி மீது கொண்ட பிரியத்தால் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். மொழி மீது ஆசையும் அது கற்பிக்கப்படும் விதத்தின் மீது கோபமும் ஒருவருக்குள்ளேயே இருக்க முடியும்.

இங்கிலீஷும் நம்மிடம் வாங்கிக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறது. ‘கட்டமரான்’ நம் கட்டுமரம், ‘செரூட்’ நம் சுருட்டு, ‘முல்லிகடாவ்னி’ சூப் நம் மிளகுத்தண்ணீர். நம் சொல்லை அவர்கள் சரியாக உச்சரிக்கவில்லை என்று யாரும் அவர்களைக் கேலி செய்ததில்லை.

நடைமுறைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பொருளே மாறிவிடும் தவறுகளை முதலில் திருத்துங்கள். ‘ஆமா, வரல’, ‘பாஸ்டு அவுட்’, ‘குட் யூ’ இல்லாத கட்டளை ஆகியவை இந்த வகை. அடுத்து, ‘ஐ ஆம் ஹேவிங்’, ‘மைசெல்ஃப்’ போல இன்டர்வியூவில் உறுத்துபவை. பிரீபோன், கசின் பிரதர் போன்றவற்றை, யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்து முடிவு செய்யலாம். உச்சரிப்பு பழகப் பழக வரும். அதற்காகப் பேச்சை நிறுத்த வேண்டாம்.

மொபைலில் மொழிபெயர்ப்பு ஆப் தரும் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், மாணவர்களுக்கான அகராதியில் அந்தச் சொல் வரும் உதாரண வாக்கியத்தையும் படியுங்கள். அதை உங்கள் ஊர்ப்பெயர் போட்டு ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து முயல மூன்று வாக்கியங்கள்: ‘நீங்க இன்னும் சாப்பிடலையா?’ ‘ஆமா, சாப்பிடல.’ ‘சும்மா கேட்டேன்.’

விடை: ‘ஹேவன்ட் யூ ஈட்டன் யெட்?’ ‘நோ, ஐ ஹேவ் நாட்.’ ‘ஐ வாஸ் ஜஸ்ட் ஆஸ்கிங்.’